பின் கியரில் போன மாப்பிள்ளை ஊர்வலம்

புனேயில் இருக்கும் மகனே,

இங்கே எல்லோரும் சௌக்கியம், உன் அம்மாவின் இடது முட்டியைத் தவிர. நீ மின்னஞ்சலில் அனுப்பிய கார் படங்களைத் தேரடிப் பக்கம் இருக்கும் பிரவுசிங் சென்டரில் போய்ப் பார்த்தேன். எட்டுப் படங்கள் திறக்க அரை மணி நேரம் ஆனது. கறுப்பு வண்டி, தோல் சீட்டு, உள்ளே மரப்பலகை வைத்து இழைத்திருக்கிறார்கள். ஜெர்மன்காரன் செய்தது, ஏழு வருஷம் ஓடியது, புது வண்டியின் விலையில் கால் பங்கு. பக்கத்து நாற்காலியில் ரயில்வே பரீட்சைக்கு விண்ணப்பம் போட வந்தவர்கூட எட்டிப் பார்த்து, "யார் வண்டி சார்?" என்றார். "என் பையன் வாங்கப் போறான்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அவசரப்பட்டுவிட்டேன் என்று உறைத்தது. ஏனென்றால் போனில் நீ சொன்னது இதுதான்: "நைனா, நீ போய்ப் பாத்து ஓகேன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும். நான் வந்து பாக்கக்கூட வேணாம்." உன் கல்யாணத்துக்குப் பிறகு அங்கே வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வைத்திருந்த பணத்தையும் என் கணக்கில் போட்டுவிட்டாய். மிச்சத்துக்கு லோன் என்கிறாய். ஆக, உங்கள் இரண்டு பேர் வீடும் இப்போது என் வாயில் வரப்போகிற ஒரு வார்த்தையில் தொங்குகிறது.

அந்த வார்த்தையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான். போனில் நான் ஏதாவது ஜோக் அடித்துத் தப்பித்துவிடுவேன். எழுதும்போது, எட்டாவது படித்தவனுக்கு எழுத்துக் கூட்டவே நேரம் போய்விடுவதால், தப்பிக்க வழி தேட நேரம் இருப்பதில்லை.

நீ எங்கே போனாலும், நாலு பேர் கூடினால் போதும், தேசிங்கு மாமா வீட்டுக் கல்யாணக் கதையை எடுத்து விடுவாய். மாப்பிள்ளை ஊர்வலத்தில் கார் நின்றுபோனது, முன்னால் போகவே மாட்டேன் என்று அடம்பிடித்தது, ரிவர்ஸ் மட்டும் விழுந்தது, கடைசியில் மாப்பிள்ளையை மண்டபம் வரைக்கும் பின் கியரிலேயே கொண்டுபோய் இறக்கியது. மாப்பிள்ளை வந்த வழியைப் பார்த்தபடியே கல்யாணத்துக்குப் போனான் என்று நீ சொல்லும்போது எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நீ அப்போது பத்தாவது. உனக்குத் தெரிந்தது அந்தக் கதையில் பாதி. மிச்சப் பாதி எனக்குத் தெரியும், செல்வத்துக்குத் தெரியும். போன வாரம் வரைக்கும் வேறு யாருக்கும் தெரியாது.

உன் அப்பா யார் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். காசிமேட்டில் மீன்பிடி லாஞ்சு இன்ஜினைப் பிரித்துப் போடுவதில் என்னைக் கேட்காமல் யாரும் ஸ்பேனரை எடுக்க மாட்டார்கள் என்று ஒரு காலம் இருந்தது. அப்படி இருந்ததாக நான் நம்பினேன் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். இந்தத் திறமை ஒரு கெட்ட பழக்கத்தைக் கொடுத்தது. சத்தம் வருகிற எதைக் கொண்டுவந்து வைத்தாலும், "இதுவும் அதுதானே" என்று கையை வைத்துவிடுவேன். உன் அம்மாவின் மிக்சியைப் பழுது பார்த்த கதை உனக்குத் தெரியும். சட்டினி கூரையில் இருந்தது. அவள் இன்றைக்கும் மிக்சி ரிப்பேர் என்றால் நான் குளிக்கப் போகும் நேரம் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டு போகிறாள். எனக்குத் தெரியாது என்ற ஒரு வார்த்தை என் தொண்டையில் மட்டும் ஏனோ துருப்பிடித்த போல்ட்டு மாதிரி இறுகிக்கொண்டது.

தேசிங்கு இரண்டு லாஞ்சு வைத்திருந்தவன். சின்ன வயதிலிருந்தே தோஸ்து. அவன் மகளை முகத்துவாரக்குப்பத்தில் கொடுப்பதாக முடிவானபோது, மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் காரில் கூட்டிவரக் கூடாது, சொந்தக் காரில்தான் என்று பிடிவாதமாக நின்றான். துறைமுகத்தில் ஏதோ கப்பல் கம்பெனியில் பெரிய அதிகாரியாக இருந்த ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது தன்னுடைய பழைய ஜெர்மன் காரை விற்றார். உப்புக் காற்றில் கொட்டகையில் ஒரு வருஷம் சும்மா நின்ற வண்டி. தேசிங்கு என்னைக் கூட்டிப்போய் நிறுத்தி, "மாமு, நீ சொல்லு, வாங்கலாமா?" என்றான்.

பானட்டைத் திறந்தேன். உண்மையைச் சொன்னால் இன்ஜினே கண்ணுக்குத் தெரியவில்லை, மேலே ஒரு மூடி போட்டு மூடியிருந்தது. உள்ளே உட்கார்ந்தேன். கிளட்சு இல்லை. ஒரு கைப்பிடி மட்டும். நடுவில் வைத்தால் நிற்கிறது, ஒரு பக்கம் தள்ளினால் முன்னால், இன்னொரு பக்கம் தள்ளினால் பின்னால். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இது லாஞ்சு கியர். கடலில் கிளட்சை மிதித்துக்கொண்டா ஓட்டுகிறோம்? ஒரு கைப்பிடிதான், முன்னால் தள்ளு, பின்னால் இழு. இருபது வருஷமாக நான் பிரித்துப் போடும் சாமானை ஜெர்மன்காரன் காரில் வைத்துக் கொடுத்திருக்கிறான், அவ்வளவுதான்.

"கியரு சோக்கா கீது மாமு. கண்ண மூடிகினு வாங்கு" என்றேன்.

வாங்கினான். செல்வம் என்று ஒருவனை டிரைவராக வைத்தான். செல்வத்தை உனக்கு நினைவிருக்கும், நாற்பது வயசு, எப்போதும் சட்டைப் பையில் சீப்பு வைத்திருப்பான், உன்னை ஒரு முறை முன் சீட்டில் உட்காரவைத்து எண்ணூர் வரைக்கும் கூட்டிப்போனான். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவன்தான் வந்து சொன்னான், கியர் மாறும்போது லேசாக உதறுகிறது என்று. உடனே வண்டியை என் ஷெட்டுக்குக் கொண்டுவரச் சொன்னேன். அடியில் படுத்து கியர் ஆயிலைத் திறந்துவிட்டேன். சிவப்பாக வந்தது. எங்கள் தொழிலில் ஆயில் சிவந்து வந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்து துருப்பிடித்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு வேறு அர்த்தம் தெரியாது.

"பாத்தியா, தொரு. ஒரு வருசம் கடல் காத்துல நின்ன வண்டி, உள்ள தண்ணி பூந்துட்டுகீது" என்றேன்.

செல்வம் கைக்குட்டையில் ஒரு சொட்டைத் தொட்டுப் பார்த்தான். "அண்ணே, பழைய டிரைவர் சொன்னாரு, இந்த வண்டிக்கு ஆயிலே செகப்புதானாம். கம்பெனி ஆயில்தான் ஊத்தணுமாம். ஒருவாட்டி கேட்டுகினு ஊத்தலாமே?"

"நீ ஸ்டேரிங்க புடி நைனா. கியர நான் புடிக்கிறேன்."

பக்கத்தில் இருந்த இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். செல்வமும் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். லாஞ்சுக்கு ஊற்றும் நாற்பதாம் நம்பர் ஆயிலை நிறைய ஊற்றி மூடினேன். வண்டி கொஞ்சம் மந்தமாக நகர்ந்தது. "புது ஆயிலு, பழகிக்கும்" என்றேன். ஆயில் பழகும் என்று எந்தப் புத்தகத்திலும் இருக்காது. என் வாயில் இருந்தது.

பிறகு ஊர்வலம். உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் ஒரு கியர்பாக்ஸின் பக்கத்திலிருந்து பார். கோயிலிலிருந்து மண்டபம் ஒரு மைல்கூட இல்லை. அதற்கு இரண்டு மணி நேரம். முன்னால் பேண்டு, அதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுப் பசங்கள் ஆட்டம், முனைக்கு முனை நிறுத்தி ஆரத்தி, யாராவது ஒரு மாமா சால்வையோடு வந்து நிற்பார். கார் நாலடி போகும், நிற்கும், நாலடி போகும். நாலு பக்கமும் ஆட்கள் ஒட்டிக்கொண்டு வருவதால் அடியில் காற்றும் இல்லை. நல்ல ஆயில் இருந்தாலே அந்தக் கியருக்கு அது தண்டனை. நான் ஊற்றிய ஆயிலில் அது உள்ளேயே வெந்துபோனது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், பொழுது சாயும் நேரத்தில், அடியிலிருந்து புகை வந்தது. முதலில் எல்லோரும் பட்டாசுப் புகை என்று நினைத்தார்கள். வண்டி நின்றது. இன்ஜின் ஓடுகிறது, முன் கியர் விழவில்லை. ரிவர்ஸ் போட்டதும் ஜம்மென்று பின்னால் வந்தது. பேண்டுக்காரர்கள் வாசிப்பை நிறுத்தவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன், "மாப்ள, இப்பவே திரும்பிப் போறியா?" என்று கத்தினார். ஆட்கள் தள்ளி வண்டியைத் திருப்பி நிறுத்த, பின்பக்கத்தை மண்டபத்துக்குக் காட்டி, ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு போனான் செல்வம். இது வரைக்கும் உன் கதை.

மண்டப வாசலில் மாப்பிள்ளையை இறக்கியதும் தேசிங்கு எங்களிடம் வந்தான். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. குரலை அடக்கிக்கொண்டு கேட்டான்.

"இன்னா மாமு ஆச்சு? சம்மந்தி வூட்டாளுங்க எதிர்ல மானம் போச்சு."

செல்வம் வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன். "இவன் அரை பிரேக்கு, அரை ஆக்சிலேட்டர்னு ரெண்டு காலையும் வெச்சு மெதிச்சிகினே வந்தான். எந்தக் கியருதான் தாங்கும்? வெந்துபோச்சு."

செல்வம் என்னைப் பார்த்தான். கோபமாகக்கூட இல்லை. "அண்ணே, நீயா இத்த சொல்ற?" என்று மட்டும் கேட்டான். கல்யாண வீட்டில் சண்டை போட அவனுக்கு மனசு வரவில்லை. சாவியைத் தேசிங்கின் கையில் கொடுத்துவிட்டு, சாப்பிடாமல் போனான். மறுநாள் காலை தேசிங்கு அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டான். காசிமேட்டில் ஒருவனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் அது ஐஸ் பாக்டரி வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பும். 'கல்யாணத்துல காரைக் கொளுத்தினவன்' என்று பெயர். அந்தப் பக்கத்தில் யாரும் அவனை டிரைவர் வேலைக்கு வைக்கவில்லை.

நான் அதோடு நிறுத்தவில்லை. வண்டியை அண்ணா சாலைப் பக்கம் பெரிய ஒர்க்ஷாப்புக்கு இழுத்துப்போனபோது, தேசிங்கு வெளியே டீக்கடையில் நின்றான். ஃபோர்மேன் என்னிடம், "இந்த ஆயில ஊத்தினது யாருங்க?" என்று கேட்டார். "பழைய ஓனரு" என்றேன். கியர்பாக்ஸ் முழுசாக மாற்ற வேண்டும், வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்று ஒரு விலை சொன்னார். தேசிங்கு அந்தக் காரையே அதற்குக் குறைவாகத்தான் வாங்கியிருந்தான். அன்றைக்குக் கற்றுக்கொண்டதை உனக்கும் சொல்கிறேன். இந்த மாதிரி வண்டிக்கு வயசு ஆக ஆக விலை இறங்கும், அதன் உதிரிபாகத்துக்கு வயசே ஆவதில்லை. கால் பங்கு விலைக்குக் கார் கிடைக்கும், கால் பங்கு விலைக்குக் கியர்பாக்ஸ் கிடைக்காது. தேசிங்கு மாற்றவில்லை. வலைக் கொட்டகையில் நிறுத்தினான். மேலே வலை காய்ந்தது, உள்ளே கோழி முட்டையிட்டது. கடைசியில் எடைக்குப் போட்டான். "பழைய வண்டி மாமு, நீ இன்னா பண்ணுவ" என்று என்னையே சமாதானமும் சொன்னான்.

எட்டு வருஷம் இது என்னைத் தூங்கவிடாமல் செய்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். நான் நன்றாகத்தான் தூங்கினேன். உன் அம்மா சாட்சி, குறட்டைக்கு. நீ அந்த ரிவர்ஸ் கதையைச் சொல்லும்போதெல்லாம் ஒரு நிமிஷம் என்னவோ போல இருக்கும், பிறகு சிரிப்பில் கலந்துவிடும். ஆனால் 'நீ ஒரு வார்த்தை சொல்லு, போதும்' என்று நீ சொன்னதும் கணக்கு வேறாகிவிட்டது. தேசிங்கும் என்னிடம் கேட்டது அதே ஒரு வார்த்தைதான்.

போன செவ்வாய்க்கிழமை மணலி புதுநகருக்குப் பஸ் ஏறிப் போனேன். செல்வம் அங்கே தண்ணீர் லாரி ஓட்டுகிறான். தலை நரைத்துவிட்டது, சீப்பு இன்னும் பையில் இருக்கிறது. லாரியில் தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்தில் நான் உரக்கப் பேச வேண்டியதாகிவிட்டது. அன்றைக்குத் தப்பு என்னுடையதுதான், ஆயில் நான் ஊற்றியது, பழியை உன் மேல் போட்டேன் என்று சொன்னேன். குழாயை மூடிவிட்டு வந்து நின்றான்.

"இத்த எங்கிட்ட வந்து சொல்றியே அண்ணே. எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே. தெரியாதவன்கிட்ட போய்ச் சொல்லு."

டீ வாங்கிக் கொடுக்கட்டுமா என்றேன். "லோடு கீது" என்று ஏறி உட்கார்ந்துவிட்டான். அவன் என்னை மன்னித்தானா என்று உனக்குச் சொல்ல என்னிடம் ஒரு தகவலும் இல்லை.

அடுத்த நாள் தேசிங்கிடம் போனேன். லாஞ்சுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், அவன் ஓரமாகப் பலகையில் உட்கார்ந்திருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன், ஒர்க்ஷாப்பில் சொன்ன பொய்யையும் சேர்த்து. கீழே சிதறிய ஓர் ஐஸ் துண்டைக் காலால் தண்ணீருக்குள் தள்ளிவிட்டான்.

"காரு போனா போவுது மாமு. பழைய இரும்பு" என்றான். "அந்த ஆளு மறுநாள் காலைல என் வூட்டு வாசல்ல வந்து நின்னான். நான் செருப்ப தூக்கிட்டேன். அது உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். அன்றைக்கு அந்த வார்த்தை சுலபமாக வந்தது.

"செல்வத்த நானே போய்ப் பாக்கறேன். நீ கூட வராத" என்றான். நான் எழுந்து நாலடி நடந்த பிறகு பின்னாலிருந்து கூப்பிட்டான். "உம் புள்ள ஏதோ ஜெர்மன் காரு வாங்கறானாமே? உம் பொண்டாட்டி சொல்லிச்சு. நீ போய்ப் பாக்கப் போறியா?"

"ஆமா."

"பேமானி. தனியா போவாத."

புதுப்பேட்டையில் ரஃபீக் பாய் என்று ஒருவர் இருக்கிறார், இந்தக் கிளட்சில்லாத கியரை மட்டுமே பிரிப்பவர், வேறு எதையும் தொட மாட்டார் என்று விலாசமும் தேசிங்கே கொடுத்தான். நேற்று அவரைக் கூட்டிக்கொண்டு கீழ்ப்பாக்கத்தில் அந்தக் காரை விற்கிற டாக்டர் வீட்டுக்குப் போனேன். டாக்டர் மரியாதையான மனிதர், காபி கொடுத்தார். படத்தில் பார்த்ததைவிட வண்டி நேரில் அழகு. ரஃபீக் பாய் என்னை ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். தெருவைச் சுற்றி ஒரு வட்டம். கியர் மாறுவதே தெரியவில்லை, தண்ணீரில் படகு நழுவுவது போல நழுவியது. உதறல் இல்லை, சத்தம் இல்லை. முப்பது வருஷம் இன்ஜின் சத்தம் கேட்ட காதை வைத்துக் கேட்டேன், ஒரு குறையும் இல்லை. வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, 'வாங்கிடலாம்' என்று சொல்லத் திரும்பினேன். வாய்கூடத் திறந்துவிட்டேன்.

"ஆஃப் பண்ணாதீங்க பெரியவரே. வண்டி இன்னும் சூடே ஏறல" என்றார் ரஃபீக் பாய்.

அவர் ஓட்டினார், நான் பக்கத்தில். முக்கால் மணி நேரம் நெரிசலில் வேண்டுமென்றே ஊர்ந்தோம். அப்புறம் ஒரு மேம்பாலத்தின் ஏற்றத்தில் பாதியில் நிறுத்தி, மறுபடி எடுத்தார். இன்ஜின் உறுமியது, மீட்டரில் முள் மேலே ஏறியது, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். ஒரு மூச்சு விட்ட பிறகு, யாரோ முதுகில் உதைத்தது போலக் குதித்துக்கொண்டு ஏறியது. அவர் மறுபடி ஒரு முறை செய்து காட்டினார். மறுபடியும் அதேதான்.

"ஆறு மாசம் ஓடும். ஏழாவது மாசம் கியருக்கு மட்டும் காரு வெலைய கேப்பான்" என்றார். டாக்டருக்கு இது தெரியுமா தெரியாதா என்று நான் கேட்கவில்லை, வண்டி வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

முன்பணம் கொடுக்கவில்லை. உன் பணம் அப்படியே பேங்கில் இருக்கிறது, திங்கட்கிழமை உன் கணக்குக்குத் திருப்பி அனுப்புகிறேன். உனக்கு ஏமாற்றமாக இருக்கும். நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம் ஏற்கெனவே கலர்கூடச் சொல்லி வைத்திருப்பாய். வேறு வண்டி பார், ஜெர்மன் வண்டிதான் வேண்டுமென்றாலும் பார், நான் தடுக்க மாட்டேன். ரஃபீக் பாயின் நம்பரைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன், கூலி கேட்பார், பேரம் பேசாதே. ஆனால் நேற்று அந்த வாசலில் என்ன நடந்தது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். செல்வத்திடம் போய், தேசிங்கிடம் போய், எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, புத்தி வந்துவிட்டது என்று நம்பிக்கொண்டு போனவன் நான். அப்படியும், நான் மட்டும் தனியாகப் போயிருந்தால், உனக்குப் போன் பண்ணி, கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்று சொல்லியிருப்பேன். நீயும் வாங்கியிருப்பாய்.